4 ஹெச்பி பெட்டியும் 13 ஆம்பியர் பிளக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் மனைவியின் அண்ணன் மகன் சிங்கப்பூரின் பொங்கோலில் புது வீட்டுச் சாவி வாங்கிய இரண்டாவது வாரம் எனக்கு ஒரு படம் அனுப்பினான். இணையக் கடையில் ஒரு ஏர் கம்ப்ரெசர், காற்றை அமுக்கி டேங்கில் சேர்த்து வைக்கும் இயந்திரம். சிவப்பு எழுத்தில் ‘4 ஹெச்பி’, அதற்குக் கீழே ‘50 லிட்டர்’, அதற்கும் கீழே ‘சைலண்ட்’. கூடவே ஒரு கார்ட்லெஸ் டிரில் செட், 128 சாமானாம், பேட்டரி இரண்டு இலவசமாம். “மாமா, இன்று ராத்திரி 12 மணிக்கு ஆஃபர் முடிகிறது, போட்டுவிடவா?” என்று கேட்டிருந்தான். “போடாதே, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா” என்று பதில் அனுப்பிவிட்டு, அவனிடம் என்னவெல்லாம் சொல்ல வேண்டும் என்று யோசித்ததில் வந்ததுதான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான். வெட்டிப் போட்டாலும் கோபப்பட மாட்டேன், எண்களை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

நான் 27 வருடம் கப்பல் பட்டறையில் பராமரிப்பு வேலை பார்த்தவன். இப்போது ஈசூனில் நான்கறை வீடு. சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் இடத்தில் ஒரு மடக்கு மேசை, வீட்டுக்குள்ளேயே இருக்கும் பதுங்கறையான பாம் ஷெல்டரில் மூன்று தட்டு இரும்பு அலமாரி, இவ்வளவுதான் என் பட்டறை. இந்தச் சின்ன இடத்துக்குள் தப்பான சாமான் வாங்கி நான் விட்ட காசை இங்கே கணக்குப் போட்டால் என் மனைவி படித்துவிடுவார், அதனால் அது வேண்டாம். விட்ட காசில் தெரிந்துகொண்டது ஒன்றுதான்: பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் எண் விற்கிறவருக்கு வேண்டியது, நமக்கு வேண்டிய எண் அடியில் பொடி எழுத்தில் இருக்கும், இல்லாவிட்டால் இருக்கவே இருக்காது.

முதலில் அந்த 4 ஹெச்பியைப் பார்ப்போம். ஒரு ஹெச்பி, அதாவது ஒரு குதிரைத்திறன், என்றால் 746 வாட். நான்கு என்றால் 2,984 வாட். நம் வீட்டுச் சுவரில் இருக்கிற சாக்கெட் 13 ஆம்பியர், மின்சாரம் 230 வோல்ட்; பெருக்கினால் 2,990 வாட். அதாவது சாக்கெட்டிலிருந்து வரும் மின்சாரம் ஒரு துளிகூட வீணாகாமல், மோட்டார் சூடே ஆகாமல் ஓடினால்தான் அந்தச் சாதாரண பிளக்கில் 4 ஹெச்பி கிடைக்கும். அப்படி ஒரு மோட்டாரை நான் கப்பலிலும் பார்த்ததில்லை. அந்த 4 என்பது மோட்டார் கிளம்பும் கணத்தில் இழுக்கிற உச்சமாக இருக்கும், இல்லையென்றால் அச்சடித்தவரின் ஆசையாக இருக்கும். தொடர்ந்து ஓடும்போது அது 2 ஹெச்பியைத் தாண்டினாலே ஆச்சரியம். பையனிடம் இந்தப் பெருக்கலைச் சொன்னதும் அவன் கைப்பேசியை எடுத்து ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டான். நம்பாமல் சரிபார்த்ததில் எனக்கு சந்தோஷம்தான்.

கம்ப்ரெசரில் பார்க்க வேண்டியது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று வெளியே வருகிறது என்பதை. இதிலும் ஒரு சூது இருக்கிறது. பிஸ்டன் உள்ளே இழுக்கிற காற்று ஒரு கணக்கு, அழுத்தத்தில் வெளியே கொடுக்கிற காற்று இன்னொரு கணக்கு. சின்ன கம்ப்ரெசர்களில் இரண்டாவது எண் முதல் எண்ணைவிட மூன்றில் ஒரு பங்காவது குறையும். பெட்டியில் பெரும்பாலும் முதல் எண்தான் இருக்கும், ஏனென்றால் அது பெரிசு. அமெரிக்கக் கணக்கில் சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) என்று போட்டிருந்தால் 28ஆல் பெருக்கினால் லிட்டர் வந்துவிடும். எந்த அழுத்தத்தில் அந்த அளவு என்று சேர்த்துப் போடாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

“டேங்க்தான் பெரிசாச்சே மாமா, 50 லிட்டராச்சே” என்றான். டேங்க் என்பது தண்ணீர்த் தொட்டி மாதிரி, குழாயில் வருவது நூல் மாதிரி இருந்தால் தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்து என்ன? அழுத்தத்தை பார் என்ற அளவில் சொல்வார்கள், ஒரு பார் ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம். 24 லிட்டர் டேங்க் ஒன்று 8 பாரில் நிரம்பியிருக்கிறது, 6 பாருக்கு இறங்கும்போது மோட்டார் மறுபடி ஓட ஆரம்பிக்கும் என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு பார் இடைவெளியில் நமக்குக் கிடைக்கும் காற்று 24 பெருக்கல் 2, ஆக 48 லிட்டர். பெயிண்ட் அடிக்கிற ஸ்பிரே கன் நிமிடத்துக்கு 200 லிட்டர் சாதாரணமாகக் குடிக்கும். ஆக, பதினைந்து விநாடிக்குள் கையிருப்பு காலி. 50 லிட்டர் டேங்காக இருந்தால் முப்பது விநாடி. அதற்கப்புறம் மோட்டார் கொடுப்பதைத்தான் கன் குடிக்க வேண்டும், நாம் கதவின் நடுவில் நின்றுகொண்டு அழுத்தம் ஏறட்டும் என்று காத்திருக்க வேண்டும், அதற்குள் அடித்த பாதி காய ஆரம்பித்துவிடும். இதே 48 லிட்டர், சின்ன ஆணி அடிக்கிற பிராட் நெய்லருக்கு ஏராளம். ஓர் ஆணிக்கு ஒரு லிட்டர் முன்பின் ஆகும், நாற்பது ஆணி அடித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம். காற்றில் ஓடும் சாண்டர் (மரத்தைத் தேய்ப்பது), கிரைண்டர் (இரும்பை அறுப்பது, தேய்ப்பது) எல்லாம் ஸ்பிரே கன்னைவிடப் பெருந்தீனி. அதையெல்லாம் வீட்டு கம்ப்ரெசரில் மாட்ட நினைக்கவே வேண்டாம். ஆக, எந்தக் கருவியை மாட்டப் போகிறோம் என்று முதலில் தெரிய வேண்டும், கம்ப்ரெசர் அப்புறம்.

என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சில வருடத்துக்கு முன்னால் சமையலறை கேபினெட் கதவுகளை நானே பெயிண்ட் அடிக்கிறேன் என்று கிளம்பி ஒரு சின்ன கம்ப்ரெசர் வாங்கினேன். எண்ணெய் இல்லாத வகை, விலை குறைவு, தூக்க எளிது. பிளக்கைச் சொருகி சுவிட்சைத் தட்டியதும் வந்த சத்தத்தில் துணிக் கம்பில் உட்கார்ந்திருந்த மைனா பறந்துபோனது. ஐந்து நிமிடத்தில் மேல்மாடி மாக்சிக், மலாய்க்கார அம்மா, கதவைத் தட்டினார். கோபமாகக்கூட இல்லை, பயந்துபோய் வந்திருந்தார், வாஷிங் மெஷின் வெடிக்கப் போகிறதோ என்று நினைத்தாராம். மலிவான நேரடி மோட்டார் வகைகள் 80, 90 டெசிபல் போடும். வேலையிடத்தில் ஒருவர் எட்டு மணி நேரம் கேட்கலாம் என்று இங்கே வைத்திருக்கும் வரம்பே 85 டெசிபல்தான், அதுவும் பட்டறைக்காரனுக்குச் சொன்னது, மத்தியானம் தூங்குகிற பாட்டிக்குச் சொன்னதில்லை.

அதே சமயம் 60 டெசிபல் அளவில் ஓடுகிற கம்ப்ரெசர்கள் உண்மையிலேயே இருக்கின்றன. பத்து டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் பாதியாகத் தெரியும், இருபது குறைந்தால் கால்வாசி. மோட்டார் நிமிடத்துக்கு 1,400 சுற்று வாக்கில் மெதுவாக ஓடும், பிஸ்டன் இரண்டு இருக்கும், தூக்கினால் கனமாக இருக்கும், விலையும் கூட. 2,800 சுற்று என்று போட்டுவிட்டு ‘சைலண்ட்’ என்று எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள். டெசிபல் எண்ணே போடாமல் ‘சைலண்ட்’ என்று மட்டும் எழுதியிருந்தால் சந்தேகம்கூட வேண்டாம், அடுத்த கடைக்குப் போய்விடலாம். எவ்வளவு தூரத்தில் அளந்தது என்றும் கேளுங்கள், நான்கு மீட்டர் தள்ளி அளந்தால் லாரியும் கொஞ்சம் அமைதியாகத்தான் தெரியும்.

சத்தத்தைவிட என்னைப் படுத்தியது தண்ணீர். மாக்சிக்கிடம் மன்னிப்புக் கேட்டு, கம்ப்ரெசரைத் தம்பியின் பட்டறைக்கு எடுத்துப்போய் அங்கே வைத்துக் கதவு அடித்தேன். முதல் இரண்டு கதவு அருமையாக வந்தது. மூன்றாவது கதவில் வெள்ளைப் பெயிண்டின் மேல் கொசுக்கடி மாதிரி புள்ளி புள்ளியாகக் குழி. பெயிண்டைக் குறை சொன்னேன், தின்னரைக் குறை சொன்னேன், கடைசியில் தம்பிதான் டேங்கைச் சாய்த்து அடியில் இருக்கிற திருகு வால்வைத் திறக்கச் சொன்னான். ஒரு மைலோ டின்னைக் கீழே வைத்துத் திறந்தேன். புஸ்ஸென்று காற்றோடு துரு நிறத்தில் தண்ணீர், தேத்தண்ணீர் மாதிரி, கால் டின் இருக்கும். கப்பலில் 27 வருடம் தினமும் டேங்க் வடித்தவன் நான், என் சொந்த டேங்கை வடிக்க மறந்திருக்கிறேன், என்னத்தைச் சொல்வது.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது கணக்குப் போட்டால் தெரியும். நம் ஊர்க் காற்றில் 30 டிகிரி வெயிலில் 80 விழுக்காடு ஈரம் என்றால் ஒரு கன மீட்டரில் ஏறக்குறைய 24 கிராம் நீராவி. 24 லிட்டர் டேங்கை 8 பாருக்கு நிரப்ப ஏறக்குறைய 200 லிட்டர் வெளிக்காற்றை அமுக்கித் திணிக்கிறோம், அதில் 5 கிராம் வாக்கில் நீராவி இருக்கும். அமுக்கிய காற்று டேங்குக்குள் ஆறியதும் அதில் ஒரு கிராம்கூடத் தங்காது, மீதி தண்ணீராகக் கீழே இறங்கிவிடும். ஒவ்வொரு நிரப்புக்கும் முக்கால் தேக்கரண்டிக்கு மேல். குளிர் நாட்டுக்காரர்கள் வாரம் ஒரு முறை வடித்தால் போதும் என்று வீடியோவில் சொல்வார்கள், இங்கே ஒவ்வொரு தடவை வேலை முடிந்ததும் வடிக்க வேண்டும், வடித்துவிட்டு வால்வைத் திறந்தபடியே வைக்க வேண்டும். பெயிண்ட் அடிப்பதானால் ஹோஸில் தண்ணீர் பிடிக்கும் ஃபில்டர் கட்டாயம், அதுவும் கம்ப்ரெசருக்கு ஒட்டினாற்போல் இல்லாமல் காற்று ஆறிய பிறகு, ஹோஸின் கடைசிப் பக்கம் மாட்டினால்தான் பிரயோஜனம். வடிக்காத டேங்க் உள்ளேயிருந்து துருப்பிடிக்கும். வேலையிடங்களில் இருக்கும் காற்று டேங்குகளை அங்கீகரிக்கப்பட்டவர் அவ்வப்போது சோதிக்க வேண்டும் என்று மனிதவள அமைச்சு விதி வைத்திருப்பது சும்மா இல்லை. வீட்டில் அப்படிச் சோதிக்க யாரும் வரப்போவதில்லை, ஆகவே பழைய கம்ப்ரெசர் இரண்டாம் கையாக வாங்குகிறவர்கள் முதலில் அடி வால்வைத் திறந்து என்ன நிறத்தில் வருகிறது என்று பார்க்கவும்.

இன்னொன்று, பலர் செய்கிற தப்பு: சாக்கெட் எட்டவில்லை என்று மெல்லிசான எக்ஸ்டென்ஷன் கம்பியை நீட்டிவிடுவார்கள். மோட்டார் கிளம்பும்போது ஓடும் மின்சாரத்தைப்போல ஐந்து ஆறு மடங்கு கேட்கும்; நீண்ட மெல்லிய கம்பியில் வோல்ட் இறங்கி மோட்டார் சுற்றாமல் ‘ம்ம்ம்’ என்று முனகும், கம்பி சூடாகும். மின்கம்பியை நீட்டாதீர்கள், காற்று ஹோஸை நீட்டுங்கள்.

சரி, இதையெல்லாம் கேட்டபிறகு பையனிடம் கேட்டேன், “கம்ப்ரெசரை வைத்து என்ன செய்யப் போகிறாய்?” சைக்கிளுக்குக் காற்று, காருக்குக் காற்று, கணினியில் தூசி ஊத, “அப்புறம் எதற்காவது ஆகும்” என்றான். அந்த ‘எதற்காவது’தான் நம் வீடுகளில் பாதி சாமானை வாங்க வைக்கிறது. சைக்கிள், கார் டயருக்கு உள்ளங்கையளவு பேட்டரி இன்ஃப்ளேட்டர் போதும், நமக்கு வேண்டிய அழுத்தத்தை அழுத்திவிட்டால் தானே நின்றுகொள்ளும். ஆணி அடிக்க பேட்டரி நெய்லர் இருக்கிறது, கை வலிக்கும், ஆனால் ஹோஸ் இல்லை, மாக்சிக் இல்லை. ஒரு கதவு, ஒரு மேசைக்குப் பெயிண்ட் என்றால் நல்ல ரோலர் போதும். உண்மையில் வாரா வாரம் மரவேலை செய்கிறவர், மாதிரி வண்டிகளுக்கு ஏர்பிரஷ் அடிக்கிறவர், தரைவீட்டில் கார் நிறுத்துமிடம் வைத்திருப்பவர், இவர்களுக்குத்தான் கம்ப்ரெசர். ஏர்பிரஷுக்கு வேண்டியதோ புத்தகப்பை அளவில் ஒரு குட்டி கம்ப்ரெசர், அது இரவில் ஓடினாலும் பக்கத்து அறைக்குக் கேட்காது.

இனி கார்ட்லெஸ் கருவிகள். இங்கே என் அபிப்பிராயம் கொஞ்சம் பிடிவாதமானது: நீங்கள் வாங்குவது டிரில் இல்லை, பேட்டரி. டிரில் அதோடு வருகிற சாமான். இன்றைக்கு எந்த நிறப் பேட்டரியை, அதாவது எந்த நிறுவனத்துப் பேட்டரியை, வீட்டுக்குள் கொண்டுவருகிறீர்களோ, அடுத்த பத்து வருடத்துக்கு வாங்கப்போகிற இம்பாக்ட் டிரைவர், சாண்டர், ஜிக்சா ரம்பம், விளக்கு, தூசி உறிஞ்சி எல்லாம் அதே நிறம்தான். சம்பந்தம் பேசுகிற மாதிரி, பெண்ணையோ பையனையோ மட்டும் பார்த்தால் போதாது, குடும்பத்தைப் பார்க்க வேண்டும். ரியோபி 1996இல் கொண்டுவந்த 18 வோல்ட் பேட்டரிச் சொருகுவாய் இன்றுவரை மாறவில்லை. மக்கிட்டாவின் 18 வோல்ட் வரிசை 2005இலிருந்து ஓடுகிறது. அந்த 128 சாமான் செட்டின் பேட்டரி அடுத்த வருடம் செத்தால் புதிது எங்கே வாங்குவாய் என்று கேட்டேன், பையன் தேடிப்பார்த்துவிட்டு வாயைத் திறக்கவில்லை. ஒரே நிறுவனம் என்றாலும் உள்ளே பிரிவு உண்டு, போஷின் நீலக் கருவி பேட்டரியும் பச்சைக் கருவி பேட்டரியும் ஒன்றுக்கொன்று சேராது. மக்கிட்டாவில் 18 வோல்ட் வேறு, 40 வோல்ட் வேறு. டிவால்ட், மில்வாக்கி எல்லாவற்றிலும் 12 வேறு, 18 வேறு. கடையில் சொருகிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

18 பெரிதா 20 பெரிதா என்று கேட்பவர்களுக்கு: இரண்டும் ஒன்றுதான். உள்ளே ஐந்து லித்தியம் செல், ஒவ்வொன்றும் 3.6 வோல்ட், மொத்தம் 18. அப்போதுதான் சார்ஜரிலிருந்து எடுத்த பேட்டரியை அளந்தால் 20 காட்டும், அதை ‘20 வோல்ட் மேக்ஸ்’ என்று அமெரிக்கப் பெட்டியில் போடுகிறார்கள். அதேபோல ‘12 வோல்ட் மேக்ஸ்’ என்பது மூன்று செல், 10.8 வோல்ட். உங்களுக்கு வேண்டிய கணக்கு வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வரும் வாட்-மணி. 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி என்றால் 90 வாட்-மணி. இதை வைத்து எந்தக் கருவிக்குப் பேட்டரி சரி, எதற்குச் சரியில்லை என்று நீங்களே சொல்லிவிடலாம். திருகாணி முடுக்க 90 வாட்-மணி ஒரு நாள் முழுக்க வரும். 700 வாட் இழுக்கிற கிரைண்டரை அழுத்திப் பிடித்தால் எட்டு நிமிடம்கூடத் தாங்காது. அதனால் என் வீட்டில் டிரில், டிரைவர், ஜிக்சா பேட்டரி. கிரைண்டரும் வட்ட ரம்பமும் இன்னும் கம்பிதான். கம்பி வைத்த கிரைண்டர் பாதி விலை, அதன் பேட்டரி எப்போதும் சாகாது.

புது வீட்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் சுவர். போன வருடம் ஒரு நண்பர் வீட்டில் டிவி மாட்டப் போனேன். அவரிடம் இருந்தது சுத்தியல் குறி போட்ட சாதாரண 18 வோல்ட் டிரில், பெட்டியில் ‘கான்கிரீட்’ என்றும் எழுதியிருந்தது. முதல் துளைக்கு மூன்று நிமிடம் அமுக்கினோம். சத்தம் வந்தது, வெள்ளைத் தூள் வந்தது, பிட்டின் நுனி நீலமாக மாறி கருகிய வாசம் வந்தது, உள்ளே போனதோ சுண்டுவிரல் நகத்தளவு. நண்பர் பேட்டரியைக் குறை சொன்னார். பேட்டரி பாவம், அந்த டிரில்லுக்குள் இருப்பது இரண்டு பல் தகடு ஒன்றோடொன்று உரசித் துள்ளுவது, செங்கல்லுக்கு அது போதும். தூண், கட்டுமானச் சுவர் எல்லாம் கம்பி கட்டிய கான்கிரீட், அதற்கு உள்ளே காற்றை அமுக்கிப் பிஸ்டனால் அடிக்கிற ரோட்டரி ஹேமர் வேண்டும், 10 மில்லிமீட்டர் காம்பு வைத்த எஸ்டிஎஸ்-பிளஸ் பிட் போடுகிற வகை. மறுநாள் என்னுடையதைக் கொண்டுபோனேன். ஆறு மில்லிமீட்டர் துளை, நான் பத்து எண்ணுவதற்குள் திருகாணிக்காகச் சுவருக்குள் சொருகும் வால் பிளக்கின் முழு நீளத்துக்கும் இறங்கிவிட்டது. அமுக்கவே இல்லை, பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். நண்பர் மனைவி கீழே தூசிக்கு ஒரு ஏ4 தாளை மடித்து ஒட்டி வைத்திருந்தார், அது நல்ல யோசனை.

ஆனால் அறைகளுக்கு நடுவில் இருக்கும் சுவர்கள் பல வீடுகளில் லேசான பேனல். அதில் ரோட்டரி ஹேமரை அடித்தால் துளை குகையாகிவிடும், சுத்தியலை அணைத்துவிட்டு வெறும் சுழற்சியில் போட வேண்டும். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாலே எது என்ன சுவர் என்று தெரிந்துவிடும். பாம் ஷெல்டர் சுவருக்குத் தனி விதி, குடிமைத் தற்காப்புப் படையின் வழிகாட்டியைப் படிக்காமல் அங்கே டிரில்லை எடுக்க வேண்டாம்.

டிரில்லும் இம்பாக்ட் டிரைவரும் ஒன்றுதானே என்கிறார்கள். இல்லை. சின்ன 18 வோல்ட் டிரில் 50, 60 நியூட்டன் மீட்டர் முறுக்கும். அதைவிடக் குட்டையான இம்பாக்ட் டிரைவர் உள்ளே சுத்தியலால் தட்டித் தட்டி 170 தாண்டும், நம் மணிக்கட்டும் திரும்பாது. நீண்ட மரத் திருகாணிக்கு அது வரம், ஆனால் நாமே பூட்டிக்கொள்ளும் ஃபிளாட்பேக் அலமாரியின் தூள்மரத்துக்கு எமன்; அரை விநாடி அதிகம் அழுத்தினால் திருகாணித் துளை தேய்ந்து போய்விடும். முதல் கருவி ஒன்றே ஒன்று என்றால் முறுக்கு அளவு தாண்டினால் விட்டுக்கொடுக்கிற கிளட்ச் வளையம் வைத்த டிரில்தான் வாங்க வேண்டும். பிரஷ்லெஸ் மோட்டாராக இருந்தால் அதே பேட்டரியில் கூடுதல் நேரம் ஓடும், கரித்துண்டு மாற்றும் வேலையும் இல்லை, கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

இணையத்தில் ‘பொருந்தும்’ பேட்டரி என்று பாதி விலையில் வருகிறதே, அதற்கு என்னிடம் ஒரு சோதனை இருக்கிறது, சமையலறைத் தராசு போதும். இந்தப் பேட்டரிகளில் பெரும்பாலும் இருக்கிற 18650 என்கிற உருளை செல் ஒன்று 45 கிராம் வாக்கில் எடை. 5 அல்லது 6 ஆம்பியர்-மணி வர ஐந்து செல் போதாது, பத்து வேண்டும். செல் மட்டுமே 450 கிராம், கூடு, தகடு, பலகை சேர்ந்தால் 600 கிராமைத் தாண்டும். ‘6 ஆம்பியர்-மணி’ என்று ஒட்டிய ஒன்றை நான் வாங்கி இட்லி மாவு அளக்கிற தராசில் வைத்தேன். 390 கிராம். திருப்பி அனுப்பக் கேட்டதற்கு விற்றவர் இரண்டு வாரம் இழுத்தடித்துவிட்டுப் பாதிப் பணம் தருவதாகச் சொன்னார். 2012 செப்டம்பரிலிருந்து இங்கே லெமன் சட்டம் இருக்கிறது, ஆறு மாதத்துக்குள் தெரியவந்த குறை வாங்கும்போதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும், இல்லையென்று நிரூபிக்க வேண்டியது விற்றவர். அதைச் சொன்னதும் முழுப் பணம் வந்தது. விற்றவர் கடல் தாண்டி இருந்தால் இந்தப் பேச்சு எவ்வளவு தூரம் எடுபடும் என்பதை யோசித்து வாங்குங்கள். அமெரிக்காவிலிருந்து மலிவாக வருகிறது என்று வாங்கினால் சார்ஜர் 120 வோல்ட்டாக இருக்கும், நம் சாக்கெட்டில் சொருகினால் புகைதான். மூன்று கால் பிளக்கில் சேஃப்டி மார்க் முத்திரை இருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், வாசலில் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள், வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டியில் விட்டுவிடாதீர்கள். வேலை முடிந்து கை சுடுகிற பேட்டரியை அரைமணி ஆறவிட்டுச் சார்ஜரில் வையுங்கள். பழைய நிக்கல்-காட்மியம் காலத்துப் பழக்கத்தில் சிலர் இன்னும் முழுக்க வடியவிட்டுத்தான் சார்ஜ் போடுகிறார்கள், லித்தியத்துக்கு அது கெடுதல், மாதக்கணக்கில் சும்மா வைப்பதானால் பாதிச் சார்ஜில் வைப்பது நல்லது. வீங்கிய பேட்டரியைக் குப்பைக் குழாயில் போடுகிறவர்களுக்கு என்ன சொல்வது, கீழே அதைக் கையாளுகிறவரும் ஒரு மனிதர்தானே.

ஊருக்குப் போகும்போது அண்ணனுக்கு ஒரு டிரில் கொண்டுபோகிறவர்கள் நம்மில் நிறைய. கருவி செக்-இன் பெட்டியில், தனிப் பேட்டரி கைப்பையில். மாற்றிப் போட்டால் விமான நிலையத்தில் பெட்டியைப் பிரிக்க வேண்டிவரும். 100 வாட்-மணி வரை தடையில்லை, அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 5 ஆம்பியர்-மணி பேட்டரி 90, போகலாம். 6 என்றால் 108, கவுண்டரில் கேள்வி வரும். ஊரிலும் 230 வோல்ட்தான், சார்ஜருக்குப் பிளக் மாற்றினால் போதும்.

நேரம் பற்றி ஒரு வருத்தமும் உண்டு. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) புதுப்பிப்பு விதிப்படி சத்தம் அதிகமான வேலைகள் வாரநாளில் காலை 9 முதல் மாலை 5 வரைதான், சனி, ஞாயிறு, பொது விடுமுறையில் கிடையாது. அந்த நேரத்தில் நாம் எல்லோரும் வேலையில் இருக்கிறோம்! விதியைக் குறை சொல்லவில்லை, மேல்மாடியில் குழந்தையைத் தூங்கவைக்கிறவர் பக்கம் நியாயம் இருக்கிறது. எங்கள் புளோக் கீழ்த்தளத்திலோ சமூக மன்றத்திலோ ஒரு பொது மேசை, ஒரு நல்ல கம்ப்ரெசர், நான்கு கிளாம்ப் இருந்தால் நாற்பது வீட்டில் நாற்பது கம்ப்ரெசர் தூசி படிந்து கிடக்க வேண்டாம். சாவியை வைத்துக்கொண்டு சனிக்கிழமை காலை நான் உட்காரத் தயார், என்னைப்போல் ஓய்வு பெற்ற பட்டறைக்காரர்கள் இன்னும் பலர் இருப்பார்கள்.

கடைக்காரர்களிடம் கேட்பது இரண்டு. கம்ப்ரெசர் விற்றால் வெளியே வரும் காற்று எத்தனை லிட்டர், எந்த அழுத்தத்தில், ஒரு மீட்டரில் எத்தனை டெசிபல் என்று எழுதி ஒட்டுங்கள். பேட்டரி விற்றால் வாட்-மணியையும் எடையையும் எழுதுங்கள். ஜாலான் புசார் பக்கம் ஒரு பழைய ஹார்ட்வேர் கடையில் சீன அங்கிள் ஒருவர் அட்டையைக் கிழித்து மார்க்கரால் இதையெல்லாம் எழுதிக் கம்ப்ரெசர் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறார், வாங்குவதற்கு முன்னால் ஓட்டியும் காட்டுகிறார். அவரால் முடிகிறது. முன்பு சுங்கை ரோடு சந்தையில், 2017 ஜூலையில் அதை மூடும்வரை, தரையில் விரித்து விற்றவர்கள்கூட ஒரு தடவை சொருகிக் காட்டிவிட்டுத்தான் காசு வாங்கினார்கள்.

பையன் கடைசியில் வாங்கியது 18 வோல்ட் பிரஷ்லெஸ் டிரில் ஒன்று, 5 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு, சைக்கிளுக்கு அதே பேட்டரி பொருந்துகிற இன்ஃப்ளேட்டர் ஒன்று. ரோட்டரி ஹேமர் வேண்டும்போது என்னிடம் வந்து எடுத்துப்போகிறான், இரண்டு தடவை எடுத்துப்போய் ஒரு தடவைதான் திருப்பிக் கொடுத்திருக்கிறான். கம்ப்ரெசருக்கு என்று ஒதுக்கிய வெள்ளியில் அவன் மனைவி சாப்பாட்டு மேசை வாங்கிவிட்டாள்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர் ஒருவர்